எண்ணியதை இன்னொருவரும் எண்ணட்டும்

(விழுப்புரத்தில் நடந்த பல்துறை ஆய்வுக் கருத்தரங்கின் தொடக்க உரை, எழுத்து வடிவில்)

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் பதிவாளர் அவர்களே, தாளாளர் ஐயா அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, கணிதம், புள்ளியியல், வணிகவியல், சமூகவியல் துறைத் தலைவர்களே, மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் சமூக மருத்துவப் பேராசிரியர் அவர்களே, அழைப்பிதழில் பெயர் இல்லாவிட்டாலும் விடியற்காலையிலேயே வந்து நாற்காலி அடுக்கிய ஆய்வு மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். மீதிப் பாதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பொன்னாடைக்கு நன்றி. துணைவேந்தர் அவர்களுக்குப் பிற்பகல் சென்னையில் ஒரு கூட்டம் இருக்கிறதாம். இருந்தும் என் உரை முடியும்வரை அமர்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மையை நான் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன். அவரிடம் வைக்க ஒரு கோரிக்கை என் சட்டைப் பையில் இருக்கிறது.

அமைப்பாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'சமூக அறிவியல், கணிதம், நிதி, மருத்துவம்: ஆய்வின் நான்கு வாசல்கள்'. நான்கு வாசலுக்கும் பத்துப் பத்து நிமிடம் என்று ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஆனால் எந்த வாசலில் நுழைந்தாலும் நான் ஒரே கூடத்துக்குத்தான் வந்து சேர்வேன் என்பது என்னை முன்பே கேட்டவர்களுக்குத் தெரியும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். இன்றும் சொல்வேன்.

முதலில் நிதி. 2008 நெருக்கடியின் அடியிலிருந்து உலகம் எழுந்துகொண்டிருந்த நேரம். 2010இல் கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருவரும் பெரிய ஆட்கள். ரோகாஃப் பன்னாட்டு நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராகவே இருந்தவர். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி விழுந்துவிடுகிறது என்றது கட்டுரை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கணக்கில், அந்த எல்லையைத் தாண்டிய முன்னேறிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று எண்ணும் தந்தது.

அரசியலுக்கு ஓர் எண் கிடைத்தால் போதாதா? அமெரிக்காவில் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் பால் ரயன் எடுத்துக்காட்டினார். பிரிட்டனில் நிதியமைச்சராக இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடுத்துக்காட்டினார். ஐரோப்பிய ஆணையத்தில் ஆணையர் ஒலி ரேன் எடுத்துக்காட்டினார். அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதிட்டவர்கள் கையிலெல்லாம் அந்த 90 இருந்தது.

இப்போது ஒரு மாணவர் வருகிறார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டன். வயது 28. வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள்: வெளிவந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதன் முடிவை நீங்களே மறுபடி கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இவர் போயும் போயும் இந்தக் கட்டுரையை எடுத்தார். கணக்கு வரவில்லை. மறுபடி போட்டார். வரவில்லை. பேராசிரியர்கள் முதலில் யாரைச் சந்தேகித்திருப்பார்கள்? மாணவர்களே, நீங்கள் சிரிப்பதிலிருந்தே விடை தெரிகிறது. பையன் எங்கோ தப்புச் செய்கிறான் என்றுதான் நினைத்தார்கள். அவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்போதும் வரவில்லை.

கட்டுரை ஆசிரியர்களுக்கே கடிதம் எழுதினார் ஹெர்ன்டன். அவர்கள் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: அனுப்பிவைத்தார்கள். நம் ஊரில் இப்படி ஒரு மாணவர் கடிதம் எழுதினால் என்ன பதில் வரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முதல்வர் அம்மையார் புன்னகைக்கிறார்.

கோப்பைத் திறந்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் இருபது நாடுகளின் வரிசைகளையும் பிடிக்க வேண்டிய இடத்தில் பதினைந்தோடு நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே. ஆங்கில அகரவரிசையில் முதல் ஐந்து நாடுகள்! அவருக்குத் தம் கண்ணையே நம்ப முடியவில்லை. தோழியைக் கூப்பிட்டு, நான்தான் தப்பாகப் பார்க்கிறேனா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்துவிட்டு, அப்படித் தெரியவில்லையே என்றிருக்கிறார். கண்ணால் கண்டதையும் இன்னொரு கண்ணைக் கொண்டு விசாரித்தார் பாருங்கள், அதுதான் ஆய்வாளன் குணம்.

இதோடு கதை முடியவில்லை. செய்தித்தாள்கள் எக்செல் பிழையைப் பெரிதாகப் போட்டன. உண்மையில் எக்செல் பிழையால் வந்த மாற்றம் சிறிது. பெரிய மாற்றம் வேறிடத்திலிருந்து வந்தது. சில நாடுகளின் சில ஆண்டுகள் கணக்கில் சேரவில்லை. அதற்கு மேல், எடை போட்ட விதம். கடன் 90ஐத் தாண்டிய காலமாக நியூசிலாந்துக்குக் கணக்கில் இருந்தது 1951 என்ற ஒரே ஓர் ஆண்டு. அந்த ஆண்டு வளர்ச்சி மைனஸ் 7.6. பிரிட்டனுக்குப் பத்தொன்பது ஆண்டுகள், சராசரி 2.4. இரண்டுக்கும் சம எடை. பத்தொன்பது நாள் நடவு நட்டவருக்கும் ஒரு நாள் வரப்பில் தலைகாட்டிவிட்டுப் போனவருக்கும் ஒரே கூலி கொடுத்த கதை. சரிசெய்து போட்டபோது மைனஸ் 0.1 என்பது 2.2 ஆயிற்று. ஹெர்ன்டன், பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் மூவரும் சேர்ந்து 2013 ஏப்ரலில் வெளியிட்டார்கள்.

எக்செல் தவற்றை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடன் மிகுந்த இடத்தில் வளர்ச்சி குறைவு என்ற தங்கள் அடிப்படைக் கருத்து மாறவில்லை என்றும் வாதிட்டார்கள். அந்த வாதம் தொடரட்டும். கடன் வாங்கலாமா கூடாதா என்று நான் தீர்ப்புச் சொன்னால் வணிகவியல் துறைத் தலைவர் என்னை விடமாட்டார். என் கேள்வி வேறு. மூன்று ஆண்டுகள் அமைச்சர்களெல்லாம் மேற்கோள் காட்டிய எண்ணை ஒரு மாணவர் ஏன் மறுபடி எண்ணினார்? வகுப்பில் அப்படி ஒரு பயிற்சி இருந்தது. அதனால் எண்ணினார். நம் வகுப்புகளில் இருக்கிறதா?

சரி, நிதி வாசலிலேயே என் நேரத்தில் பாதி போய்விட்டது. சமூக அறிவியலுக்கு வருவோம். இதற்கு ஆம்ஹர்ஸ்ட் போக வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது இருவேல்பட்டு. இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அந்த ஊரின் பெருமை தெரியும்? கை தூக்குங்கள். நான்கைந்து கைகள். உலகப் பொருளியல் மாணவர்கள் அறிந்த ஊர் அது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, என்ன கடன், எத்தனை மாடு என்று எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்கள் அப்படி அச்சேறின. 1918இல் அது நூலாக வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பினார்கள். 1981இல், முன்பு தமிழக நிதிச் செயலாளராக இருந்த எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர், பண்ணையாள் முறை தேய்ந்து, வயலுக்கு வெளியே பிழைப்புத் தேடும் ஊராக மாறிய கதையை 92 ஆண்டுக் கணக்கோடு சொல்ல முடிகிறது என்றால், முதலில் போனவர்கள் கேட்ட கேள்வியும் எழுதிய எண்ணும் அச்சில் இருந்ததுதான் காரணம்.

இன்று நம் ஆய்வேடுகளின் கதி என்ன? காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் ஆய்வேடு ஏறிவிடுகிறது, நல்ல காரியம். ஆனால் வீடு வீடாகப் போய் நிரப்பிய படிவங்கள் எங்கே? நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், நெசவாளர் குடும்பங்களைப் பற்றிய படிவக் கட்டுகளைக் கோடை விடுமுறையில் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். கிலோக் கணக்கில் எடை போட்டு ரசீதும் வாங்கியிருந்தார்கள். ரசீது பத்திரமாகக் கோப்பில் இருந்தது.

மேலைநாட்டு உளவியலில் 2015இல் ஒரு பெரிய விசாரணை நடந்தது. வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத, முடிவைக் காட்டியவை. மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் அப்படிக் காட்டின. மற்றவையெல்லாம் மோசடி என்று யாரும் சொல்லவில்லை. தீர விசாரிக்காமல் பாடப் புத்தகத்தில் ஏற்றிவிட்டோம் என்று மட்டும் சொன்னார்கள்.

மருத்துவம். மருத்துவப் பேராசிரியர் அவர்கள் முன்னால் நான் அதிகம் பேசக் கூடாது. ஆனால் சென்னை சேத்துப்பட்டில் நடந்த ஆய்வைச் சொல்லாமல் போனால் என் நாக்கு மன்னிக்காது. காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனை, ஓய்வு, சத்துணவு, நல்ல காற்று என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பிய காலம். நோயாளிகள் ஏராளம், படுக்கைகள் சொற்பம். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் ஏழை வீடுகளிலேயே. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டுக்கு. 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். காசநோயை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று உலகம் துணிந்தது நம் சென்னை ஏழைகளின் வீட்டுத் திண்ணையிலிருந்துதான்.

இன்னொன்று, பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி பற்றிய செங்கல்பட்டு ஆய்வு. பிரிட்டனில் இந்தத் தடுப்பூசி மிக நன்றாக வேலை செய்தது என்று ஏற்கனவே பதிவாகியிருந்தது. பிரிட்டன் சொல்லிவிட்டது, போதும் என்று இருந்திருக்கலாம். 1968இல் தொடங்கி, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து விசாரித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இங்கே அது தடுக்கவில்லை என்று 1979இல் அறிவித்தார்கள். கசப்பான முடிவு, மறைக்காமல் வெளியிட்டார்கள். தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: சிறு குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள். போட்டுவிடுங்கள்.

கணிதத்தைப் பற்றி விரிவாகப் பேச ஆசை. அமைப்பாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார், பதினொன்றரைக்குத் தேநீராம். ஆகவே ஒன்று மட்டும். ராமானுஜன் தம் குறிப்பேடுகளில் ஆயிரக்கணக்கான முடிவுகளை, பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல், எழுதி வைத்துவிட்டுப் போனார். அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நிரூபணம் தேடி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். மிகப் பெரும்பாலானவை சரி. மிகச் சில தவறு. கும்பகோணத்து மேதையே எழுதியிருந்தாலும் விசாரித்தார்கள். விசாரித்ததால் மேதையின் புகழ் கூடியதே தவிரக் குறையவில்லை. நிதிச் சந்தைக் கணித மாதிரிகள், 1998இல் சரிந்த ஒரு முதலீட்டு நிதியத்தின் கதை இவற்றையெல்லாம் சொல்வதாகத் தலைப்புக் கொடுத்தபோது உறுதியளித்திருந்தேன். அவற்றை வேறொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன், அழைத்தால்.

துணைவேந்தர் அவர்களே, சட்டைப் பையில் இருக்கிறது என்றேனே, அந்தக் கோரிக்கைக்கு வருகிறேன். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி, இதில் புதுமை என்ன என்பது. பழைய ஆய்வொன்றை மறுபடி செய்து பார்த்தேன் என்று ஒரு மாணவி சொன்னால் அவளை ஏளனமாகப் பார்க்கிறோம். மறுஆய்வுக்கும் பட்டம் உண்டு என்று உங்கள் விதிமுறையில் எழுதுங்கள். முதலாண்டுப் பாடத்திட்டத்தில் ஒரு தாள், வெளியான ஒரு கட்டுரையை மறுபடி கணக்கிடுவதாக இருக்கட்டும். ஆய்வேட்டோடு படிவங்களும் தரவுக் கோப்பும், பெயர் முகவரி நீக்கி, நூலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று ஆணையிடுங்கள். இடம் இல்லை என்று நூலகர் சொல்வார். நான் அவரிடம் முன்பே பேசிவிட்டேன். இரண்டாவது மாடியில் பழைய நாளிதழ்கள் இருந்த அறை காலியாகத்தான் இருக்கிறது. சாவி அலுவலகக் கண்காணிப்பாளரிடம்.

இங்கே உள்ள சமூகவியல் மாணவர்களுக்கு ஒரு வேலை. 2008க்குப் பிறகு பல ஆண்டுகள் ஓடிவிட்டன. இருவேல்பட்டு பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. சிலேட்டரின் கேள்விகளை நகலெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன், வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். கோரிக்கை மனுவின் பிரதியைப் பதிவாளர் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் அதற்கு ஒரு வரி ஒதுக்கும்படி துணைவேந்தர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, தேநீருக்கு வழிவிடுகிறேன். நன்றி, வணக்கம்.