குழந்தை கேட்டதைக் கொடுக்காமல் முடி வெட்ட முடியாது! ஜாவாவின் உச்சியில் செம்புங்கன்

[திரையில்: விடியற்காலை, மலைகளுக்கு நடுவே தகரக் கூரை வீடுகள், பக்கத்தில் ஒரு சின்ன ஏரி]

நான்கு வயதுக் குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. இரவெல்லாம் பிதற்றல். சில நாளில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. ஆனால் தலையைத் தடவும் அம்மாவின் விரல் முடிக்குள் நுழையவில்லை. அதுவரை சீப்பு வழுக்கிக்கொண்டு போன முடி, இப்போது சிக்குப் பிடித்துக் கயிறு கயிறாகத் திரிந்து கிடக்கிறது.

அந்த அம்மா கத்தரிக்கோலைத் தேடவில்லை. அந்த முடியை எப்போது வெட்டலாம் என்று முடிவு செய்வது அவரில்லை, ஊர்ப் பெரியவர்களும் இல்லை. அந்தக் குழந்தைதான்.

வணக்கம் மக்களே. இந்தக் கதையை அப்படியே நம்புகிற ஊர்கள் இந்தோனேசியாவில் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குத்தான் இன்றைக்குப் போகப் போகிறோம்.

ஊர் எங்கே இருக்கிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். ஜாவா தீவு, மத்திய ஜாவா மாகாணம், வோனோசோபோ மாவட்டம், டியெங் பீடபூமி. ஊரின் பெயர் செம்புங்கன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம். ஜாவாவிலேயே மிக உயரத்தில் இருக்கும் கிராமம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஓரத்தில் இருக்கும் ஏரிக்குத் தெலாகா செபோங் என்று பெயர். செபோங் என்றால் தலைப்பிரட்டை. மேலே சிகுனிர் குன்றில் ஏறி நின்று பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும். இது எரிமலைப் பூமி. எரிமலை என்றதும் ஒற்றைக் கூம்பு மலையை நினைக்காதீர்கள். டியெங் முழுவதுமே ஓர் எரிமலைக் கூட்டம். அங்கங்கே வாய் திறந்து ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

சரி, முடிக்கு வருவோம். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

[திரையில்: பின்னால் இருந்து ஒரு சிறுமியின் தலை, கற்றை கற்றையாகச் சடை]

இந்தக் குழந்தைகளை அனாக் கிம்பால் என்கிறார்கள். அனாக் என்றால் பிள்ளை, கிம்பால் என்றால் சடை. அந்தச் சடையிலும் வகை உண்டு. மெல்லிசாகத் தனித்தனி இழையாக இருந்தால் கிம்பால் பாரி. பாரி என்றால் நெல். ஆட்டு ரோமம் மாதிரிச் சுருண்டு கிடந்தால் கிம்பால் வெதுஸ். வெதுஸ் என்றால் ஆடு. கெட்டியான கற்றைகளாகச் சேர்ந்துவிட்டால் அதற்கு என்ன பெயர் தெரியுமா? கிம்பால் ஜத்தா. நாம் ஜடாமுடி என்கிறோமே, அதே சம்ஸ்கிருதச் சொல்தான் கடல் தாண்டிப் போய் ஒரு ஜாவாக் குழந்தையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது! இதைப் படித்த அன்று நான் வீட்டில் இருந்த எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தீர்த்தேன்.

ஏன் இப்படிச் சடை விழுகிறது என்று கேட்டால், கியாய் கோலோதெத்தே என்ற முன்னோரின் கதையைச் சொல்வார்கள். வோனோசோபோ பகுதியில் முதலில் குடியேறியவர்களில் ஒருவர், அவருக்கும் சடைமுடி. இந்த மண்ணின் மக்கள் செழிக்கும்வரை முடியை எடுப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்தாராம். அவருடைய ஆவிதான் குழந்தைகளிடம் வந்து தங்குகிறது என்று நம்புகிறார்கள். ஊர் மக்கள் முஸ்லிம்கள். ஐந்து வேளை பாங்கு ஒலிக்கும் ஊரில் இந்த நம்பிக்கையும் கூடவே வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் அந்த முடிக்கு என்ன ஆகும்? காத்திருப்பார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம், சில வீடுகளில் அதற்கும் மேலே. அவசரப்பட்டு வெட்டினால் சடை திரும்பவும் வளரும், குழந்தை மறுபடி நோயில் விழும் என்று பயம். ஒருநாள் குழந்தையே வந்து, எனக்கு முடி எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது கூடவே ஒன்றைக் கேட்கும். சைக்கிள், ஆடு, கைபேசி, எதுவாகவும் இருக்கலாம். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தாக வேண்டும். இரண்டு ஆடு கேட்டால் இரண்டு ஆடு. ஒன்றை இப்போது தருகிறோம், மீதியைத் தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று நம் வீட்டில் சமாளிப்பதுபோல் அங்கே சமாளிக்க முடியாது. காசு இல்லாத குடும்பம் சேர்த்து வைத்துத்தான் வாங்குகிறது, அதுவரை சடையும் இருக்கும்.

கேட்டது கைக்கு வந்த பிறகுதான் ருவாத்தான் என்ற சடங்கு. முதலில் ஊர்வலம். பிறகு பூப் போட்ட நீரில் தலையைக் கழுவுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கற்றையாக வெட்டுவார்கள். வெட்டிய முடியை ஓடும் நீரிலோ ஏரியிலோ விட்டுவிடுவார்கள். வீட்டில் எளிமையாகச் செய்கிறவர்களும் உண்டு. 2010 முதல் டியெங் கலாச்சாரத் திருவிழா என்று நடக்கிறது. அதில் பல குழந்தைகளுக்குச் சேர்ந்தாற்போல் அர்ஜுனா கோயில் வளாகத்தில் முடி எடுக்கிறார்கள்.

சரியாகத்தான் கேட்டீர்கள், அர்ஜுனா கோயில்தான். பக்கத்திலேயே ஸ்ரீகண்டி, புந்ததேவா, செம்பத்ரா, செமார். கொஞ்சம் தள்ளி பீமா, கடோத்கஜா, துவாராவதி. ஜாவாவில் இன்று நிற்கும் கோயில்களிலேயே மிகப் பழையவற்றில் சில இவை, 1,000 ஆண்டுகளுக்கும் மேலானவை. உண்மையில் இவை சிவ வழிபாட்டுக்காகக் கட்டியவை. மகாபாரதப் பெயர்கள் பிற்காலத்தில் ஊரார் வைத்தது. புந்ததேவா என்பது தருமர். செம்பத்ரா நம் சுபத்திரை. ஸ்ரீகண்டி நம் சிகண்டிதான், ஆனால் ஜாவாக் கதையில் அவள் வில் பிடித்த வீராங்கனை, அர்ஜுனனின் மனைவியும்கூட! இதற்குத் தனி வீடியோ வேண்டும் என்றால் கமெண்டில் சொல்லுங்கள். அப்படியே, ஐந்து வயதில் உங்கள் தலையில் சடை விழுந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். நான் கன்றுக்குட்டி கேட்டிருப்பேன்.

[திரையில்: புகையும் எரிமலை வாய், எச்சரிக்கைப் பலகை]

இனி சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. 1979 பிப்ரவரி 20. பீடபூமியின் மேற்கே சினிலா என்ற எரிமலை வாய் விடிவதற்கு முன்பே வெடித்தது. பக்கத்தில் இருந்த கெபுசுகான் கிராமத்து மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்துர் நோக்கி ஓடினார்கள். அவர்களைக் கொன்றது நெருப்போ கல்லோ இல்லை. நிலத்து விரிசலில் இருந்து வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு வழியில் தேங்கிக் கிடந்தது. நிறம் இல்லை, மணம் இல்லை. ஓடிய பாதையிலேயே விழுந்தார்கள். 149 பேர். அந்தக் கிராமம் அதன்பின் கலைக்கப்பட்டது.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய் நிற்கும். காற்று வீசாத இரவு என்றால் கலையவே கலையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டியெங்கில் இதேபோல் பள்ளத்தில் இறங்கித் தேங்கும் இன்னொன்றும் இருக்கிறது. குளிர்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெறும் 7 டிகிரியில் இருக்கும் ஊரில் உறைபனி விழுகிறது! ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு. இரவில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். மேகப் போர்வை இல்லாததால் பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் நிலம் வானத்துக்கே விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமாகி மலைச்சரிவில் வழிந்து, கிண்ணம் போன்ற தாழ்வில் நிரம்பும். விடியும்போது தரையின் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், புல் வெள்ளையாக நிற்கும். அதற்கு எம்புன் உபாஸ் என்று பெயர். எம்புன் என்றால் பனித்துளி, உபாஸ் என்றால் விஷம்.

விஷப் பனி என்று பெயர் வைத்தது கவிதைக்காக இல்லை, அது பயிரைக் கொன்றுவிடும் என்பதால். 1980களில் இருந்து இந்த மலையில் முக்கியப் பயிர் உருளைக்கிழங்கு. முன்பு சோளமும் புகையிலையும் பயிரிட்டவர்கள் அதற்கு மாறினார்கள். வீட்டுக்குக் காசு வந்தது, சரிவுகளில் மரம் போனது, மழையில் கரைந்த மண் செராயு ஆற்றில் இறங்கிக் கீழே ம்ரிச்சா அணையில் வண்டலாகச் சேர்கிறது. இந்தக் கணக்கு எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கிழங்கை விட்டால் அவர்களுக்குச் சோறு எது என்று கேட்டால் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. காரிகா என்ற குட்டி மலைப் பப்பாளி உண்டு, ஆண்டிஸ் மலையில் இருந்து வந்தது, சர்க்கரைப் பாகில் போட்டு டப்பாவில் விற்கிறார்கள். நல்ல வியாபாரம்தான், ஆனால் கிழங்குக்கு ஈடாகாது.

[திரையில்: உருளைக்கிழங்குச் செடியின் ஓர் இலை, மிக அருகில்]

இந்த இலையைப் பாருங்கள். சூரியன் வருவதற்கு முன்னால் ஓரமெல்லாம் உப்புத் தூவியதுபோல் மின்னுகிறது. வெயில் ஏறியதும் தண்ணீர் பட்ட காகிதம்போல் தொய்கிறது. கொஞ்ச நேரத்தில் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிவிடுகிறது. உள்ளே உறைந்த நீர் இலையின் திசுக்களைக் கிழித்துவிட்டதுதான் காரணம். அதனால்தான் பனி விழுந்த நாளில் விவசாயிகள் இருட்டோடு இருட்டாக வயலுக்கு ஓடுகிறார்கள், வெயில் தொடுவதற்குள் இலைமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட. சிலர் முந்தின மாலையே வலை போட்டு மூடுகிறார்கள்.

அதே நேரத்தில்தான் வெளியூர்க்காரர்களும் வந்து இறங்குகிறார்கள், ஜாவாவில் பனி விழுந்த அதிசயத்தைப் படம் பிடிக்க. நீங்களும் ஜூலை, ஆகஸ்டில் போனால் தாராளமாகப் படம் எடுங்கள், அவ்வளவு அழகு அது. ஆனால் வயல் வரப்பிலேயே நில்லுங்கள், செடிக்கு நடுவில் இறங்காதீர்கள். பக்கத்தில் தோளில் சாரங் என்ற லுங்கியைப் போர்த்திக்கொண்டு வாளியோடு ஒருவர் வந்தால், வழி விடுங்கள்.