எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள் | வன்னி வ்லாக்

வணக்கம். இப்போது கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் இருக்கிறேன். காற்றுப் பலமாக அடிக்கிறது, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்து தண்ணீர் மஞ்சளாகிற இந்த நேரத்துக்காகத்தான் நாலு மணியிலிருந்து காத்திருந்தேன். ஆனால் இன்றைக்குக் குளத்தைப் பற்றி அல்ல, ஒரு ஆல்பத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

போன வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போயிருந்தேன். நந்திக்கடல் ஓரத்துக் கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, இங்கே மாடு மேய்த்த பொடியன்களிடம் ஒரு கிழவியாக வந்து தலையில் பேன் பார்க்கச் சொன்னாளாம். பார்த்தால் தலை முழுக்கக் கண்களாம். அவர்கள் எண்ணெய் இல்லாமல் நிற்க, கடல் நீரில் விளக்கேற்றச் சொன்னாளாம். இன்றைக்கும் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துத்தான் விளக்கு எரிக்கிறார்கள்.

அன்றிரவு பொங்கல் அடுப்பு வெளிச்சத்தில் ஒரு அம்மாவைக் கேட்டு, பிளாஷ் போடாமல் படம் எடுத்தேன். எடுத்து முடிய அவர் சொன்னார்: "தம்பி, எத்தனை பேர் வந்து எங்களைப் படம் எடுத்தவை. ஒருத்தரும் ஒரு படம் கொண்டுவந்து தரேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலும் மீள்குடியேறிய கொட்டிலிலும் இந்தச் சனத்துக்கு முன்னால் எத்தனை கமரா நின்றிருக்கும்! நானும் அதில் ஒருவன்தான்.

படத்தைக் கழுவி முள்ளியவளைக்குக் கொண்டுபோனேன். வாங்கி நெடுநேரம் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்தார். இடம்பெயரும்போது சொப்பின் பையில் சுற்றி பங்கர் ஓரத்தில் தாட்டுவிட்டுப் போனதாம். திரும்பி வந்து கிண்டியபோது மூன்று படம்தான் மிச்சம். ஒன்றில் மகன், பள்ளி உடுப்போடு. நிறம் சிவந்து, ஒரு பக்கக் கன்னம் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. "இதை ஒரு கொப்பி எடுக்கேலுமோ?"

உங்கள் வீட்டிலும் இப்படிப் படம் இருந்தால், தயவுசெய்து தாளை உரிக்காதீர்கள். முகம் அதோடு வந்துவிடும். தாளோடு சேர்த்தே எடுங்கள். நான் மாமர நிழலில் கதிரையில் வைத்து, நேர் மேலே இருந்து எடுத்தேன். வெயிலும் பிளாஷும் பட்டால் தாள் மினுங்கும். கறுப்புத் துணியை மேலே பிடித்தால் மினுக்கம் குறையும்.

வன்னிப் போரை வைத்து எடுக்கிற சினிமாக்களில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். குண்டு விழும், சனம் ஓடும். ஓடுகிறவரின் பையில் என்ன இருந்தது என்று கமரா பார்ப்பதில்லை. அடையாள அட்டை, காணி உறுதி, இரண்டு மூன்று படம். எல்லாவற்றையும் விட்டவர்கள் விடாமல் பிடித்தது அதைத்தான். அதைக் காட்டாமல் இந்த மண்ணைக் காட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

சரி, இருட்டுகிறது. நாளைக்கு மகனின் படத்தோடு முள்ளியவளைக்குப் போகிறேன். அம்மா இரண்டு கேட்டிருந்தார். ஒன்று சுவருக்கு. மற்றது எதற்கு என்று கேட்டேன். "திரும்பவும் ஓட வேண்டி வந்தால் கையோட கொண்டுபோக" என்றார்.

சின்னதாகக் கழுவி, தண்ணீர் போகாமல் லாமினேட் பண்ணியிருக்கிறேன்.