15 சென்ட் கட்டணமும் 471 வாக்குகளும்: அட்லாண்டா ரயிலுக்கு மக்கள் சம்மதித்த கதை

[காட்சி: அட்லாண்டா நகரின் பழைய வரைபடம்]

வணக்கம். ஒரு நகரத்துக்கு ரயில் வேண்டுமா என்று அங்கே வாழ்பவர்களிடமே வாக்கெடுப்பு நடத்திக் கேட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பல நகரங்கள் இப்படிக் கேட்டாக வேண்டியிருக்கிறது. ரயில் பாதை போடுவதற்குப் புதிய வரி தேவைப்படுகிறது, அந்த வரிக்கு வாக்காளர்களின் ஒப்புதல் தேவைப்படுகிறது. ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டா இந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்டது.

1968 நவம்பரில் கேட்டபோது மக்கள் மறுத்துவிட்டார்கள். திட்ட வரைபடமும் பொறியாளர்களின் அறிக்கையும் பெருவணிகர்களின் ஆதரவும் இருந்தன. ஆனால் கறுப்பின மக்களிடம் யாரும் உரியபடி கலந்து பேசியிருக்கவில்லை. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அவர்கள்தாம். தங்கள் குடியிருப்புகளைக் கருத்தில் கொள்ளாத ரயிலுக்குத் தாங்கள் ஏன் சொத்து வரி கட்ட வேண்டும் என்று அவர்களுடைய தலைவர்கள் கேட்டார்கள். அதைப் பலர் ரயிலுக்கு எதிரான குரலாக எண்ணினார்கள். பங்கு கேட்ட குரல் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

[காட்சி: பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் பயணிகள்]

1970இல் மேயராகப் பொறுப்பேற்ற சாம் மசெல், சொத்து வரிக்குப் பதிலாக ஒரு சதவீத விற்பனை வரியை முன்வைத்தார். விற்பனை வரியில் ஒரு சிக்கல் உண்டு. பணக்காரரும் ஏழையும் ஒரே விகிதத்தில் கட்டுவதால், வருமானத்தில் பெரும்பகுதியை அன்றாடச் செலவுக்கே கொடுப்பவர்கள் மீது அதன் சுமை கூடுதலாக விழும். அதை ஈடுகட்டும் வகையில், 40 சென்ட்டாக இருந்த பேருந்துக் கட்டணத்தை 15 சென்ட்டாகக் குறைத்து ஏழு ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருப்பதாக வாக்குறுதி தரப்பட்டது. கட்டணத்தில் மிச்சமாவது எவ்வளவு, வரியாகப் போவது எவ்வளவு என்று மசெல் பேருந்துகளிலேயே ஏறி, கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த பெர்ரி ஹோம்ஸ் குடியிருப்புவரை ஒரு கிளைப்பாதை போடுவதாகவும் உறுதியளிக்கப்பட்டது. காரில் செல்பவர்களிடம் பேசுவதற்கு அவர் வேறு வழியைக் கண்டார்: நெரிசலில் நின்ற வாகனங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் பறந்து, ஒலிபெருக்கியில் ஆதரவு கேட்டார்.

1971 நவம்பரில், அட்லாண்டாவின் பெரும்பகுதி அடங்கிய ஃபுல்டன் மாவட்டத்தில் திட்டம் வென்றது, வெறும் 471 வாக்கு வித்தியாசத்தில். டிகால்ப் மாவட்டமும் ஏற்றுக்கொண்டது. புறநகர் மாவட்டங்களான கிளேட்டனும் குவினெட்டும் நிராகரித்தன. வெள்ளையர்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. ரயில் வந்தால் அதிலேறிக் கறுப்பின மக்களும் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு அந்த நிராகரிப்பில் பெரும் பங்கு உண்டு. இதை மழுப்பிச் சொல்வதற்கில்லை.

[காட்சி: சியாட்டில், மழை நாள்]

இதே காலத்தில் சியாட்டிலில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1968இல் அங்கே 50.8 சதவீதம் பேர் ரயிலுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஆனால் கடன் பத்திரம் வெளியிட 60 சதவீத ஆதரவு தேவை என்பது விதி. 1970இல் மீண்டும் கேட்டபோது, போயிங் நிறுவனத்தின் ஆட்குறைப்பால் நகரமே கலங்கிப்போயிருந்ததால் ஆதரவு பாதிக்கும் கீழே இறங்கியது. சியாட்டிலுக்கென ஒதுக்கவிருந்த கூட்டாட்சி அரசின் நிதி அட்லாண்டாவுக்குப் போயிற்று. அட்லாண்டாவில் 1979இல் ரயில் ஓடத் தொடங்கியது. சியாட்டில் தன் முதல் இலகு ரயில் தடத்துக்கு 2009 வரை காத்திருந்தது.

கட்டண வாக்குறுதியை அட்லாண்டா காப்பாற்றியது: 1972 மார்ச்சில் 15 சென்ட் நடைமுறைக்கு வந்தது. முன்பு நிராகரித்த கிளேட்டன் மாவட்டம் 2014இல் பெரும் ஆதரவோடு இந்தப் போக்குவரத்துத் திட்டத்தில் இணைந்தது. குவினெட் 2019இலும் மறுத்தது.

[காட்சி: பேங்க்ஹெட் நிலையம்]

பெர்ரி ஹோம்ஸுக்கான கிளைப்பாதையோ 1992இல் திறக்கப்பட்ட இந்த பேங்க்ஹெட் நிலையத்தோடு நின்றுவிட்டது. அந்தக் குடியிருப்பும் பின்னர் இடிக்கப்பட்டது. வெற்றி வித்தியாசம் 471 வாக்குகளே என்னும்போது, அந்தப் பாதையை நம்பி வாக்களித்தவர்கள் இல்லாமல் அட்லாண்டாவுக்கு ரயில் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.