தரையில் எரியும் எண்ணெய்

(திருகோணமலையில் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களையும் ஒரு விமான ஓடுபாதையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கும் ஊர் நம்முடையது. விமானத்தையும் எண்ணெயையும் சேர்த்துப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. வானத்தில் ஒரு விமானம் எவ்வளவு எரிக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். நான் பேச வந்தது அது தரையில் ஊர்ந்து போகும்போது எரிப்பதைப் பற்றி.

ஜெட் எஞ்சினுக்கு அடங்கி ஓடத் தெரியாது. வேகத்தை முழுவதும் குறைத்துவிட்டாலும், தான் அணையாமல் சுழல்வதற்கே அதற்கு நிறைய எண்ணெய் வேண்டும். ஏர்பஸ் ஏ320 இரண்டு எஞ்சினோடும் தரையில் நகரும்போது நிமிடத்துக்கு 10 முதல் 12 கிலோ எரிக்கிறது. கொழும்பிலிருந்து நெடுந்தூரம் பறக்கும் ஏ330 அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: விமானம் நகர்ந்தாலும் சரி, வரிசையில் சும்மா நின்றாலும் சரி, செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் விமானி எண்ண வேண்டியது தூரத்தை அல்ல, எத்தனை எஞ்சின் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதை.

சரி, அதைக் குறைக்க என்ன செய்கிறார்கள்? ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு மற்றதால் ஓட்டுகிறார்கள். தரையிறங்கியவுடனே நிறுத்த முடியாது. பறந்து வந்த எஞ்சினின் உள்ளே சுழலும் பாகங்கள் ஒரு வேகத்தில் ஆறும், வெளிக்கூடு இன்னொரு வேகத்தில் ஆறும். சூடாக இருக்கும்போதே நிறுத்தினால் தாங்கிகளில் தேங்கும் மசகெண்ணெய் கருகிப் படியும். ஆகவே பல எஞ்சின்களுக்கு 3 நிமிடம் என்று விதி வைத்திருக்கிறார்கள். விமானி நேரத்தைக் குறித்துக்கொண்டு, 3 நிமிடம் ஆனதும் ஒரு பக்க எஞ்சினின் சுவிட்சைத் தூக்கி அணைக்கிறார். மின்சாரத்துக்கும் குளிரூட்டலுக்கும் வாலில் உள்ள சிறு துணை எஞ்சினை ஓடவிடுவதும் உண்டு. ஏ320 இல் போனவர்கள் அந்த வேளையில் காலடியிலிருந்து விட்டுவிட்டு வரும் ஓர் உறுமலைக் கேட்டிருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்க நீரியல் (ஹைட்ராலிக்) அழுத்தம் குறைந்ததும், மற்றப் பக்கத்து அழுத்தத்தைக் கொண்டு அதை ஈடுசெய்யும் கருவியின் சத்தம் அது.

துணை எஞ்சின் குடிப்பதைக் கழித்துப் பார்த்தாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 கிலோ மிஞ்சும். பத்து நிமிடத்துக்கு 30 கிலோ, அதாவது 37 லீற்றர் அளவு. 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டு எரிபொருள் வாங்கும் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் தந்தார்கள், மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே ஒரு விமானம், ஒரே ஒரு தடவை, ஒன்பது வாரப் பங்கு! அந்த ஆண்டு விமான எண்ணெயும் நாட்டில் தட்டுப்பாடாகி, நம் விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதை நினைத்தால் இது சின்னக் கணக்கு இல்லை.

ஆனால் எப்போதும் இதைச் செய்யக்கூடாது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். இடது எஞ்சின் மட்டும் ஓடினால் அது மூக்கை வலப்பக்கம் தள்ளும். இடப்பக்கம் இறுக்கமாகத் திரும்புவது சிரமம். மழையில் வழுக்கும் தரை, ஏற்றமான பாதை, இவற்றில் வேண்டாம். போயிங் 777 இன் பெரிய ரகம் நிறை சுமையோடு 350 தொன் அளவுக்கு வரும். அதை நின்ற இடத்திலிருந்து ஒற்றை எஞ்சினால் அசைக்கப் போனால் அதிக விசை கொடுக்க வேண்டும். பின்னால் பாயும் காற்று பொதி வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கி எறியும். அப்படிப்பட்ட இடத்தில் 30 கிலோவை மிச்சம் பிடிக்க நினைக்காமல் எல்லா எஞ்சினையும் ஓடவிடுபவரே என் கண்ணில் நல்ல விமானி. எடை குறைந்து வந்து இறங்கிய பிறகுதான் இந்த முறைக்கு நல்ல இடம்.

அப்புறம், கண்ணுக்குத் தெரியாத கைத்திறன் ஒன்று உண்டு: நிற்காமல் ஓட்டுவது. முன்னால் ஒரு விமானம் குறுக்கே வரப்போகிறது என்று தெரிந்தால், கிட்டப் போய் நின்றுவிட்டு மறுபடி விசை கொடுப்பதற்குப் பதில், தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து மெல்ல உருண்டு வருவார்கள். கார்பன் பிரேக்கை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பிடித்தால் தேய்மானம் அதிகம். வேகம் ஏறவிட்டு ஒரு தடவை நன்றாகப் பிடித்து விடுவது அதற்கு நல்லது.

இவ்வளவும் விமானியின் கையில் இருப்பவை. என் கருத்தில் பெரிய மிச்சம் விமானியிடம் இல்லை, வரிசையில் இருக்கிறது. இருபது விமானம் எஞ்சின் ஓட ஓட ஓடுபாதை வாசலில் காத்திருந்தால் ஒற்றை எஞ்சின் என்ன செய்யும்? 2007 இல் மியூனிக் விமான நிலையம், விமான நிறுவனமும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஒரே நேர அட்டவணையைப் பார்த்து வேலை செய்யும் முறையைக் கொண்டுவந்தது. தன் முறை வரும்வரை விமானம் பயணிகள் ஏறும் வாயிலிலேயே எஞ்சினை அணைத்து நிற்கும். பெற்றோல் வரிசையில் நாம் வண்டியை அணைத்துவிட்டுக் கையால் தள்ளினோமே, அந்தப் புத்திதான்.

விமானத்தை இழுத்துக்கொண்டே போகும் வண்டியும் வந்துவிட்டது. டாக்ஸிபாட் என்று பெயர். மூக்குச் சக்கரம் அதன்மேல் ஏறி நிற்கும். ஓட்டுவது விமானிதான், தன் இருக்கையிலிருந்தே. 2019 இல் ஏர் இந்தியா டில்லியில் பயணிகளோடு அதைப் பயன்படுத்தியது. ஓடுபாதை வெகு தூரத்தில் இருக்கும் ஆம்ஸ்டர்டாம் போன்ற நிலையங்களுக்கு இது நல்ல பலன் தரும். சிறிய நிலையங்களுக்குத் தேவைப்படாது. ஏனென்றால் பறப்பதற்கு முன் எஞ்சினை இரண்டு முதல் ஐந்து நிமிடம் சூடாக்கியே ஆக வேண்டும். பாதை அதைவிடக் குறுகியதாக இருந்தால் இழுத்துப் போய் மிஞ்சுவது ஒன்றும் இல்லை.

கேள்விகள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். நன்றி, வணக்கம்.