வராத அழைப்புக்குக் காத்திருக்கும் மனம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்ததுபோல் இருக்கும். எடுத்துப் பார்த்தால் அழைப்பும் இராது, செய்தியும் இராது. உங்களில் பலருக்கு இது நேர்ந்திருக்கும். கைப்பேசியில் பழுதில்லை, உங்களுக்கும் நோயில்லை. அடுத்த அழைப்பு எப்போது வருமோ என்று காத்துக் காத்துப் பழகிய மனம், துணி உரசினாலும் அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறது.

கணினியோடு மல்லுக்கட்டி மனிதர் படும் அவதியை 1984-இலேயே கிரெய்க் பிராட் என்ற அமெரிக்க உளவியலாளர் 'டெக்னோஸ்டிரெஸ்' என்ற பெயரில் எழுதினார். புது இயந்திரத்தைக் கற்றுக்கொள்வதே அன்று பெரும்பாடாக இருந்தது. இன்று குழந்தைகள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனாலும் அவதி தீரவில்லையே, ஏன்?

எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தோம் என்றே எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு போதாது என்பேன். மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகக் கணினியில் எழுதிவிட்டு எழுபவருக்குக் கண் எரியும், முதுகு வலிக்கும். அதே மூன்று மணி நேரத்தில் நிமிடத்துக்கொரு செய்தி வந்து இழுத்தால், வேலை முடிந்த பிறகும் நெஞ்சில் படபடப்பு அடங்காது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக இர்வைன் வளாகப் பேராசிரியர் குளோரியா மார்க்கும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது நான் திகைத்துப்போனேன். குறுக்கீடுகளுக்கு ஆளானவர்கள் வேலையை இன்னும் விரைவாகவே முடித்தார்கள், தரமும் குறையவில்லை. ஆனால் மன அழுத்தம், எரிச்சல், நேர நெருக்கடி எல்லாம் அவர்களுக்குக் கூடியிருந்தன. மேலதிகாரிக்கு முடிந்த வேலைதான் தெரியும். அதனால்தான் இந்தத் துன்பம் எந்த அலுவலகக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மாற்று வழி உண்டா? பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று 2015-இல் வெளிவந்தது. 124 பேர் ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சலைப் பார்த்தார்கள். இன்னொரு வாரம் விருப்பம்போல் பார்த்தார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் அழுத்தம் குறைந்திருந்தது.

ஆனால், இரவு பத்து மணிக்கு மேலதிகாரி அனுப்பும் செய்தியைப் பார்க்காமல் இருக்கும் துணிவு எத்தனை ஊழியருக்கு வரும்? மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று அவர்களுக்கு உபதேசிப்பது நியாயமில்லை. பிரான்ஸ் 2017 முதலும், ஆஸ்திரேலியா 2024 முதலும், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கின்றன.

பிறருக்கு வேலை ஏவும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு ஏதேனும் நினைவுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்புங்கள். பல மின்னஞ்சல் செயலிகளில் அந்த வசதி இருக்கிறது.

நன்றி, வணக்கம்.