இரவுப் பணியில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முதியோர் இல்லத்தில் வசிக்கும் ஒருவர் தெளிவாகச் சொல்லிவைக்கிறார். அப்படியும் பல நேரம் அது நடக்காமல் போகிறது. ஏன் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பெரும்பாலும் யாரும் வேண்டுமென்றே மீறுவதில்லை. இரவு 2 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 88 வயது அம்மா ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது. 'என்னை மறுபடி ஐசியூவுக்குக் கொண்டுபோகாதீங்க' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் அலுவலக பீரோவில் இருக்கிறது. சாவி மேலாளரிடம், மேலாளர் வீட்டில். பணியில் இருக்கும் செவிலியரோ புதியவர். அவர் என்ன செய்வார்? ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். வந்தவர்களுக்கும் அந்தத் தாள் கண்ணில் படாதவரை உயிரைக் காக்க எல்லாம் செய்வதுதான் கடமை. விடிவதற்குள் அந்த அம்மா வென்டிலேட்டரில் இருப்பார். அந்தச் செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் இதே சிக்கலுக்காக, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துவைக்கும் 'போல்ஸ்ட்' (POLST) என்ற படிவத்தை உருவாக்கினார்கள். எளிதில் கண்ணில் படும் பளிச்சென்ற இளஞ்சிவப்புத் தாள். அது மருத்துவர் கையெழுத்திட்ட உத்தரவு என்பதால் ஆம்புலன்ஸ் பணியாளரும் அதன்படி நடக்க முடிகிறது. இந்தியாவில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும் என்றது.

சரி, விருப்பத்தை எப்படிக் கேட்பது? 'எல்லாச் சிகிச்சையும் செய்யலாமா?' என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எந்த நிலை வந்தால் போதும் என்று தோன்றும், எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் உண்மையையும் சொல்லுங்கள். பல நோய்களால் தளர்ந்த உடம்பில், நின்றுபோன இதயத்தை மறுபடி இயக்க நெஞ்சை அழுத்தினால் விலா எலும்பு முறியலாம். பிழைத்து எழுபவர்கள் மிகக் குறைவு. மறதிநோய் முற்றியவருக்குக் குழாய் வழியாக உணவு கொடுத்தால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை, புரையேறி நிமோனியா வருவதும் நிற்பதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதைத்தான் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது.

இவ்வளவும் கேட்ட பிறகு ஒருவர் 'எனக்கு எல்லாச் சிகிச்சையும் வேண்டும்' என்றால் அதுவும் மதிக்க வேண்டிய விருப்பமே. வயதைக் காட்டி அவரை மனம் மாற வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

வேண்டாம் என்பவரையும் யாரும் கைவிடுவதில்லை. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்பின் (morphine) என்ற வலிநிவாரண மருந்தைக் கொடுப்பது, உலர்ந்த உதட்டை நனைப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்று பராமரிப்பு இன்னும் கூடத்தான் செய்யும்.

தொலைவிலிருந்து பதறி ஓடிவரும் மகனோ மகளோ 'ஏதாவது செய்யுங்கள்' என்று அழுவது இயல்பு. 'உங்கள் முடிவு என்ன?' என்று கேட்டு அவர் தலையில் பாரத்தை ஏற்றாதீர்கள். 'அப்பாவால் இப்போது பேச முடிந்தால் என்ன சொல்வார்?' என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் தெரியும்.

இல்லம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். விருப்பத் தாளைப் பூட்டி வைக்காதீர்கள். ஒரு நகல் கட்டிலருகே உள்ள கோப்பிலும், இன்னொன்று ஆம்புலன்ஸில் கூடவே அனுப்பத் தயாராகவும் இருக்கட்டும். பணி மாறும்போது மருந்து விவரத்தோடு இதையும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். அவர் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் மறுபடி கேளுங்கள். மனம் மாறியிருந்தால் பழைய தாளை ரத்து செய்துவிட்டு அன்றைக்கே புதிதாக எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.