இந்தச் செயற்கைக்கோளுக்கு எல்லா ரகசியமும் தெரியும்!

வணக்கம் சாட்ஸ்வொர்த், வணக்கம் பீனிக்ஸ், டர்பன் முழுக்க வணக்கம்! பெய்ஜிங்குக்கும் நம்ம தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷுக்கும் நடுவே 12,900 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில், ஒரு செயற்கைக்கோள் வழியாக, யாரும் ஒட்டுக்கேட்க முடியாத குவாண்டம் தொடர்பு என்று 2025 மார்ச்சில் செய்தி வந்தது. ஆனால் அதன் ரகசியம் முழுவதும் தெரிந்த ஒரு ஆள் உண்டு. கடைசிவரை காக்க வைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்தச் செயற்கைக்கோளேதான்.

தியரி சட்டென்று. 1984-இல் பென்னட், பிரஸ்ஸார் இருவரும் கொடுத்த யோசனை: சாவியை, அதாவது செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய பிட் வரிசையை, ஒற்றை ஒற்றை ஒளித்துகளாக அனுப்பு. நடுவில் யாராவது அளந்தால் துகளின் நிலை கலையும், பிழை கூடும், திருடன் மாட்டுவான்.

ஃபைபரில் அனுப்பலாமே? 2010 உலகக் கோப்பையின்போது நம்ம மோசஸ் மபிடா மைதானத்திலேயே செய்தார்கள். ஊருக்குள் சரி. ஆயிரம் கிலோமீட்டர் என்றால் கண்ணாடி ஒளியை விழுங்கிவிடும். அதனால்தான் விண்வெளி.

(திரையில்: ஜினான்-1, இந்தச் சீனச் செயற்கைக்கோள், 2022 ஜூலையில் ஏவப்பட்டது. குவாண்டம் கருவியின் எடை சுமார் 23 கிலோ.)

இப்போது சுவாரசியமான இடம். ஜினான்-1 பெய்ஜிங்குடன் ஒரு சாவி போடுகிறது. பிறகு ஸ்டெல்லன்போஷுடன் இன்னொன்று. இரண்டையும் பிட் பிட்டாகக் கலந்து, அந்தக் கலவையை மட்டும் சாதாரணத் தொடர்பில் கீழே அனுப்புகிறது. கேட்பவனுக்கு அது வெறும் குப்பை. தன் சாவி கையில் இருப்பவருக்கோ, அதைக் கழித்தால் அடுத்தவர் சாவி கிடைத்துவிடும். கல்யாணத் தரகர் மாதிரி: இரண்டு வீட்டுக் கதையும் அவருக்கு அத்துப்படி, அவர் வாயைத் திறக்காதவரை பிரச்சினை இல்லை. அப்படியானால் 'உடைக்கவே முடியாது' என்ற தலைப்புகள் எனக்குக் கொஞ்சம் ஓவராகத்தான் படுகின்றன. அந்தத் தரகரை நம்பினால்தான் ரகசியம்!

ஸ்டெல்லன்போஷில் வானம் தெளிவு, ஈரப்பதம் குறைவு. செயற்கைக்கோள் தலைக்கு மேல் ஒரு தடவை கடந்ததில் 10.7 லட்சம் பிட் சாவி! நம்ம டர்பன் புழுக்கத்தில் கிடைத்திருக்குமா, சந்தேகம்தான். செய்தியின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு பிட் சாவி செலவழித்தால், அதை வைத்துப் பூட்ட முடிவது சுமார் 130 கிலோபைட். வாட்ஸ்அப்பில் ஒரு சின்னப் போட்டோ, அவ்வளவே.

தரகரே வேண்டாம் என்றால்? பின்னிப்பிணைந்த, அதாவது அளந்தால் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தும், துகள் ஜோடிகளை ஊருக்கு ஒன்றாக அனுப்ப வேண்டும்; சாவி தரையில்தான் உருவாகும், செயற்கைக்கோளுக்கே தெரியாது. சீனாவின் இன்னொரு செயற்கைக்கோளான மிசியஸை வைத்து 2020-இல் 1,120 கிலோமீட்டருக்குக் காட்டிவிட்டார்கள். வேகம்? வினாடிக்கு 0.12 பிட்! அதே போட்டோவுக்கு இடைவிடாமல் ஓடினாலும் நூறு நாளுக்கு மேல் ஆகும்.

நீங்கள் யார் பக்கம்: வேகமான தரகரா, யாரையும் நம்பத் தேவையில்லாத நத்தையா? கமெண்டில் போடுங்கள். நான் நத்தைக் கட்சி.